உடையார்குடிக் கல்லும் கடம்பூர் மாளிகையும்

தஞ்சைச் சிம்மாசனத்துக்கான போட்டியைச் சொல்ல வந்த கல்கி, கதையைத் தஞ்சையில் தொடங்கவில்லை. ஆடிப் பதினெட்டாம் நாள் மாலையில் வந்தியத்தேவனைக் குதிரைமேல் ஏற்றி, வீராணம் ஏரிக்கரையில் கொண்டுவந்து விட்டார். ஏரியைத் தாண்டினால் வீரநாராயண விண்ணகரம், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோவில். வழியில் ஆழ்வார்க்கடியானின் சமயச் சண்டை. இரவு கடம்பூர் மாளிகையில் தங்கல், குரவைக் கூத்து, நடுநிசியில் சிற்றரசர்களின் இரகசியக் கூட்டம். ஐந்து பாகம் விரியும் ‘பொன்னியின் செல்வ’னின் முதல் முடிச்சு இந்த முதல் ஆறு அத்தியாயங்களுக்குள் விழுந்துவிடுகிறது. எல்லாமே சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் ஊர்கள். இன்றைக்குக் கடலூர் மாவட்டம். கதை பெரிதும் சுற்றி அலைந்து, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலைக்காக மறுபடி இதே கடம்பூருக்குத்தான் வந்து சேருகிறது.

ஏன் இந்த இடம்? காரணம் காட்டுமன்னார்கோவில் உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலின் கல்லில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தமிழில் அரச குடும்பத் தொடர்கதை என்ற பெரும் மரபைப் புரிந்துகொள்ள அந்தக் கல்வெட்டைப் போல உதவுவது வேறில்லை. அதில் இருப்பதும் இல்லாததும் சேர்ந்துதான் அந்த நாவலை உருவாக்கின.

கல்வெட்டு இராசகேசரி என்ற பட்டம் கொண்ட சோழ அரசர் ஒருவரின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அந்த இராசகேசரி முதலாம் இராசராசன் என்பது ஆய்வாளர் முடிவு; ஆகவே காலம் பொ.ஆ. 986–987 அளவில். அந்த ஊரான வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசனின் ஓலை வருகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று அது சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்ற இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்ற பரமேசுவரன். அவர்களோடு நிற்கவில்லை. அவர்களின் உடன்பிறந்தார், பிள்ளைகள், பெரியப்பன்மார், மாமன்மார், அந்த வீட்டுப் பெண்களை மணந்தவர்கள் என்று உறவின் கிளைகள் ஒவ்வொன்றையும் தொட்டு, அத்தனை பேர் உடைமையையும் விற்க ஆணையிடுகிறது. அந்த நிலத்திலும் மனைகளிலும் ஒரு பகுதியை வியாழகஜமல்லன் எனப்பட்ட பரதன் என்பவர் 112 கழஞ்சு பொன் கொடுத்து வாங்கி, கோயிலில் ஓர் அறக்கட்டளையாக வைக்கிறார். கல்வெட்டு பொறிக்கப்பட்டதற்கு உண்மையான காரணம் இந்த அறக்கட்டளைதான். கொலைச் செய்தி அதில் நிலத்தின் பூர்வோத்தரமாக, ஒரு பத்திரத்தில் முந்தைய உரிமையாளர் பெயர் வருவதைப் போல வந்து போகிறது.

எங்கே கொன்றார்கள்? கல்வெட்டில் இல்லை. ஏன் கொன்றார்கள்? இல்லை. யார் தூண்டினார்கள்? இல்லை. கொலை நடந்தது ஏறத்தாழ 970ஐ ஒட்டி. அதன்பின் 985 வரை உத்தம சோழன் ஆண்டான். அந்தப் பதினைந்து ஆண்டுக் காலத்தைப் பற்றி இந்தக் கல் பேசவில்லை. இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ, ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று கவித்துவமாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. மக்கள் அவன் தம்பி அருண்மொழியை, பின்னாளைய இராசராசனை, அரசேற்க வேண்டினார்கள் என்றும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை அவன் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்றும் அதே செப்பேடுகள் சொல்கின்றன. ஓர் இளவரசனின் கொலை, அரியணை மேல் ஆசை கொண்ட ஒரு சிற்றப்பன், விட்டுக்கொடுக்கும் ஒரு தம்பி, பல ஆண்டு மௌனம். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கதைசொல்லியும் சும்மா இருக்கமாட்டான்.

வரலாற்றாசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. இந்தக் கல்வெட்டை ஆராய்ந்து ‘எபிகிராபியா இண்டிகா’வில் வெளியிட்டவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கிருக்கலாம் என்ற ஐயம் அவரால்தான் வலுப்பெற்றது. அதை மறுத்தவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். அவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டே ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தை எழுதினார், முதல் பகுதி 1949இல் அந்தப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. செம்பியன்மாதேவியின் மகனான உத்தம சோழன் அப்படிச் செய்திருப்பானா, செய்திருந்தால் அவன் மகனுக்கு இராசராசன் தன் அரசில் உயர்ந்த இடம் தந்திருப்பானா என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னாளில் குடவாயில் பாலசுப்ரமணியன் கல்வெட்டை மறுபடி படித்து, அது ஒரு நில விற்பனையையும் அறக்கொடையையும் பற்றிய ஆவணம் என்பதை அழுத்திச் சொன்னார். இராசராசனின் இரண்டாம் ஆண்டில் நிலம் விற்றதால், அதுவரை எந்த நடவடிக்கையும் நடக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. உத்தம சோழன் குற்றவாளிகளைக் காத்தான் என்ற குற்றச்சாட்டின் அடித்தளமே அதனால் தளர்ந்துவிடுகிறது. எனக்கு அவர் வாசிப்பே சரியென்று படுகிறது.

பண்டாரத்தாரின் நூல் வந்த மறு ஆண்டு, 1950 அக்டோபர் 29ஆம் தேதி ‘கல்கி’ இதழில் தொடர் ஆரம்பமாயிற்று. 1954 மே 16 வரை ஓடியது. சாஸ்திரியார் நூலும் பண்டாரத்தார் நூலும் தமக்குத் துணைநின்றதைக் கல்கி தம் முடிவுரையில் குறிப்பிட்டிருக்கிறார். வரலாற்று ஆய்வு சூடாக இருந்த நேரத்தில் எழுதப்பட்ட நாவல் அது. அறிஞர்கள் ஆய்விதழ்களிலும் ஆய்வு நூல்களிலும் நடத்திய வாதம், மணியத்தின் சித்திரங்களோடு வாராவாரம் தமிழ் வீடுகளின் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. உத்தம சோழன் நல்லவனா என்று திண்ணையில் உட்கார்ந்து ஜனங்கள் விவாதித்தார்கள். இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, சேர்த்துத் தைத்து, பைண்டு செய்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். சோழர் வரலாற்றில் சாதாரண வாசகனுக்கும் ஒரு கட்சி உண்டு என்ற நிலையை எந்தப் பாடநூலும் உண்டாக்கவில்லை, தொடர்கதைதான் உண்டாக்கியது. இதை இலக்கியச் சாதனை என்பதைவிட அறிவுச் சாதனை என்றே நான் மதிக்கிறேன்.

வாரத் தொடர் என்ற வடிவமும் இதில் பெரும் பங்கு வகித்தது. பிரான்சில் அலெக்சாந்தர் டூமா ‘மூன்று துப்பாக்கி வீரர்க’ளை 1844இல் நாளிதழில் தொடராக எழுதினார், அரசவைச் சதி, வசதியற்ற பிரபுக் குடும்பத்திலிருந்து வந்த துடுக்கான வீரன், அரசியின் இரகசியம் என்ற சேர்க்கை அங்கே பழக்கமானது. வந்தியத்தேவனிடம் அந்த வீரனின் சாயல் உண்டு. அரச குடும்பக் கதையும் தொடர் வடிவமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதற்குக் காரணம், இரண்டுமே காத்திருத்தலால் ஆனவை. வாரிசு காத்திருக்கிறான், சிற்றரசன் காத்திருக்கிறான், நோயில் கிடக்கும் சக்கரவர்த்தியின் முடிவுக்காக நாடே காத்திருக்கிறது. வாசகனும் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கிறான். சுந்தர சோழர் படுக்கையில் கிடக்கும் அந்த நீண்ட காலம், புத்தகமாக ஒரே மூச்சில் படிப்பவருக்கு மெதுவாகத் தோன்றலாம். மூன்றரை ஆண்டு வாராவாரம் படித்தவருக்கு அதுவே கதையின் கனம்.

கொலையைக் கல்கி கையாண்ட விதத்தில் அவருடைய மேதைமையும் அவருடைய எல்லையும் ஒன்றாகத் தெரிகின்றன. மேதைமை முதலில். கடம்பூர் மாளிகை அறையில் கரிகாலன் இறந்து கிடக்கிறான். அங்கே பழுவூர் இளையராணி நந்தினி இருந்தாள். ரவிதாஸன் கூட்டம் இருந்தது. பெரிய பழுவேட்டரையர் இருந்தார், தம் கையால்தான் நடந்தது என்று நினைக்கிறார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. யார் கை என்பதைக் கல்கி கடைசிவரை அறுதியிட்டுச் சொல்லவில்லை. கல்வெட்டு விட்ட இடைவெளியை அவர் அடைத்துவிடவில்லை. வாசகன் நுழையக்கூடிய அறையாக அதைத் திறந்து வைத்தார். ஏறக்குறைய அதே வேளையில், 1951இல், பிரிட்டனில் ஜோசபின் டே ‘தி டாட்டர் ஆஃப் டைம்’ என்ற நாவலை எழுதினார். 1483இல் லண்டன் கோட்டையில் காணாமல் போன இரண்டு சிறுவர்கள் – ஒருவன் அரசன், மற்றவன் அவன் தம்பி – அவர்களைச் சிற்றப்பன் மூன்றாம் ரிச்சர்ட் கொன்றானா என்பதை மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே ஒரு போலீஸ் அதிகாரி ஆவணங்களால் விசாரிக்கிறார். அங்கேயும் சிற்றப்பன்மேல் பழி, அங்கேயும் மௌனமான ஆவணங்கள். டே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: ரிச்சர்ட் நிரபராதி. கல்கி தீர்ப்புச் சொல்ல மறுத்தார். கல்கியின் தேர்வே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. தீர்ப்புச் சொன்ன நாவலோடு வாசகன் உடன்படலாம் அல்லது முரண்படலாம். தீர்ப்பற்ற நாவலில் அவன் தானே விசாரணை நடத்தியாக வேண்டும்.

எல்லை எங்கே என்றால், குற்றவாளிகளின் முகத்தில். கல்வெட்டில் இரவிதாசனும் பரமேசுவரனும் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்ற பிராமண அதிகாரிகள். ‘பஞ்சவன்’ பாண்டியத் தொடர்பைக் காட்டலாம். ஆனால் ‘இருமுடிச்சோழ’ என்பது சோழ அரசு அளித்த பட்டமாகவே ஒலிக்கிறது. அவர்களுக்குச் சதுர்வேதிமங்கலத்தில் நிலமும் வீடும் இருந்தன. சுற்றத்தார் அந்த ஊரிலேயே வேரூன்றி வாழ்ந்தார்கள். அதாவது கொலை அரசு இயந்திரத்துக்கு உள்ளே இருந்தவர்களால் நடந்தது என்பதையே கல் காட்டுகிறது. நாவலில் ரவிதாஸன் காட்டில் மந்திரவாதியாகத் திரிகிறான். கரிகாலன் தலைகொண்ட பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் ஆபத்துதவியாக, அந்த மன்னனுக்காகப் பழிவாங்க வந்தவனாகிறான். குற்றம் சோழ நாட்டுக்கு வெளியே தள்ளப்படுகிறது. தனிப்பட்ட பகையும் காதலும் முன்னே வர, நிர்வாகமும் பதவிப்போட்டியும் பின்னே போய்விடுகின்றன. இது கல்கிக்கு மட்டும் உரிய குறை அல்ல. சாண்டில்யன் முதல் இன்றைய ஓ.டி.டி. தொடர்கள் வரை அரச குடும்பக் கதைகள் அதிகாரத்தை இரத்த உறவாகவும் காதலாகவும் பார்த்துப் பழகிவிட்டன. அரசை நடத்திய கணக்கர்களும் சபையாரும் அதிகாரிகளும் அவற்றில் ஓலை கொண்டுவருபவர்களாக மட்டும் எஞ்சுகிறார்கள்.

கடம்பூர் மாளிகையையும் இங்கே சொல்லவேண்டும். மேலக்கடம்பூரில் தேர் வடிவில் அமைந்த அமிர்தகடேசுவரர் கோயில் இருக்கிறது, அற்புதமான சிற்பங்களோடு. அது முதல் குலோத்துங்கன் காலத்தது. கோட்டை வாசலும் யானை நுழையும் மாளிகையும் கொண்ட சம்புவரையர் இருக்கை கல்கியின் படைப்பு. சம்புவரையர்கள் வரலாற்றில் பேரெழுச்சி கண்டது பல தலைமுறை கழித்து, வடக்கே படைவீட்டுப் பக்கம். கரிகாலன் கடம்பூரில் இறந்தான் என்பதற்கும் கல்வெட்டுச் சான்று கிடையாது. இருந்தும், நாவலைப் படித்தவர்கள் கடம்பூருக்கு வந்து மாளிகை எங்கே என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்வியோடு வந்தவர்களில் சிலராவது தேர்க்கோயிலின் அடிப்பகுதிச் சிற்பங்கள்முன் நின்றால் அது நாவலுக்கே பெருமை.

நாவல் ஓடிய ஆண்டுகளை மறந்துவிட்டு இந்த வாசிப்பைப் பேசமுடியாது. 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையோடு முதல் பொதுத்தேர்தல். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக் கடலூரைச் சேர்ந்த எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி சட்டமன்றத்தில் 19 இடங்களைப் பிடித்துக் காங்கிரஸுக்கு அதிர்ச்சி கொடுத்தது. உழவர் சமூகம் ஒன்று வாக்குச்சீட்டால் அதிகாரத்தின் வாசலுக்கு வந்த அதே மண்ணில்தான், கதையில் சிற்றரசர்கள் நடுநிசியில் கூடி அடுத்த அரசன் யார் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். வாசகர்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் படித்தார்கள். கல்கி கதையை முடித்த விதம் இந்தச் சூழலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மக்கள் விரும்பிய இளவரசன், மகுடத்தைத் தானே எடுத்து இன்னொருவன் தலையில் வைக்கிறான். ‘தியாக சிகரம்’ என்று ஐந்தாம் பாகத்துக்குப் பெயர். காந்தியத்தில் ஊறிய ஒரு பத்திரிகையாளர், குடியரசின் முதல் ஆண்டுகளில், அதிகாரத்தை விட்டுக்கொடுப்பதை வீரத்தின் உச்சமாக வைத்தார். சோழப் பெருமை பேசும் எத்தனையோ பேர் இந்த முடிவை விட்டுவிட்டுப் போர்களை மட்டும் எடுத்துக்கொள்வது வருத்தமானது.

அரச குடும்பத்தின் மேல் இந்தப் பக்கத்து மக்களுக்கு இருந்த ஈர்ப்புக்கு அச்சு இதழைவிட நீண்ட வரலாறு உண்டு. பெரியபுராணம் அரங்கேறியது தில்லையில். அதில் கூற்றுவ நாயனார் கதை வருகிறது. நாடுகள் பலவற்றை வென்ற சிற்றரசன் அவர். முடிசூட்டும்படி தில்லைவாழ் அந்தணர்களைக் கேட்கிறார். சோழர் குலத்துக்கு அன்றி வேறு யாருக்கும் சூட்டமாட்டோம் என்று மறுத்து, ஒரு குடும்பத்தைப் பூசைக்கு வைத்துவிட்டு அவர்கள் சேரநாட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடைசியில் கூத்தன் தன் திருவடியையே அவருக்கு முடியாகச் சூட்டுகிறான். படைபலம் இருந்தும் குலம் இல்லாதவனுக்கு மகுடம் இல்லை. ஆனால் கடவுள் அந்த விதியை மீறுகிறார். இதைவிடச் சுருக்கமாக வாரிசுரிமையைக் கேள்விக்குள்ளாக்கும் கதையைத் தமிழில் நான் படித்ததில்லை. சோழர் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட பிச்சாவரம் ஜமீன் குடும்பத்தார் தில்லைக் கோயிலில் முடிசூட்டு மரியாதை பெறும் வழக்கமும் இந்தப் பகுதியில் இருந்தது. பரம்பரை என்பது இங்கே பழங்கதையாக மட்டும் இருந்ததில்லை.

இதே மாவட்டம்தான் திருப்பாதிரிப்புலியூரில் புதுமைப்பித்தனையும் கடலூரில் ஜெயகாந்தனையும் பெற்றது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருவரும் இளவரசர்கள் பக்கம் திரும்பாமல் தெருவையும் சேரியையும் எழுதியவர்கள். ஒரே மாவட்டத்துக்குள் இவ்விரு மரபும் இருக்க, நூலக வரிசையில் அவை வெவ்வேறு உலகங்களாகக் கிடக்கின்றன.

சோழப் பேரரசின் முடிவுக்கும் ஒரு கல்வெட்டு இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. கடலூருக்கு மேற்கே, கெடிலக் கரையில் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில். மூன்றாம் இராசராசனின் 16ஆம் ஆண்டு, அதாவது 1231–32. உடையார்குடிக் கல் எதை மறைத்ததோ அதற்கு நேர்மாறாக, இது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறது. காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். செய்தி கேட்ட போசள மன்னன் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கொப்பையன் என்ற இரு தண்டநாயகர்களை அனுப்பினான். அவர்கள் கோப்பெருஞ்சிங்கன் ஆட்கள் இருந்த ஊர்களை அழித்தார்கள், வழியில் பொன்னம்பலத்தில் வணங்கினார்கள், திருப்பாதிரிப்புலியூரில் தங்கினார்கள், கடல்வரை ஊர்களைக் கொளுத்தினார்கள், பெண்களைப் பிடித்தார்கள், கொள்ளையிட்டார்கள். சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகும் நேரத்தில் கோப்பெருஞ்சிங்கன் பணிந்து அரசனை விடுவித்தான்.

சிறைப்பட்ட சக்கரவர்த்தி, கலகம் செய்த சிற்றரசன், மீட்க வந்த அயல்நாட்டுப் படை: தொடர்கதைக்கு வேண்டிய அனைத்தும் இதில் உண்டு. கோப்பெருஞ்சிங்கனும் சாதாரணமானவன் அல்லன். தில்லைக் கோபுரத் திருப்பணியில் அவன் பெயர் நிற்கிறது. இருந்தும், பொன்னியின் செல்வன் அளவுக்கு வீடுதோறும் பரவிய ஒரு கதையை இந்தக் கல் பெறவில்லை. காரணம் எனக்கு ஓரளவு விளங்குகிறது. உடையார்குடிக் கல்லில் வாசகன் நிரப்ப வேண்டிய வெற்றிடம் அரண்மனைக்குள் இருக்கிறது. திருவந்திபுரக் கல்லில் அரண்மனைச் செய்தி முழுதும் சொல்லப்பட்டுவிட்டது. வெற்றிடம் எரிந்த ஊர்களில் இருக்கிறது. யார் வீடு, யார் வயல், பிடிக்கப்பட்ட பெண்கள் யார், எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்பவை அங்கே விடுபட்ட செய்திகள். அரச குடும்பத்தைப் பார்த்துப் பழகிய கண் அங்கே கதை இருப்பதைக் காண்பதில்லை.

வீராணம் ஏரியும் இப்படித்தான். பராந்தகன் காலத்து ஏரி. இன்றும் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. கீழணையிலிருந்து வடவாறு வழியே தண்ணீர் வந்து, காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. 2004 முதல் சென்னைக்குக் குழாயில் போகிறது. கல்கி முதல் அத்தியாயத்தில் அதன் 74 கணவாய்களைச் சொல்லி வியந்தார். அந்தக் கணவாய்களைத் திறந்து மூடியவர்களும், தண்ணீரைப் பங்கிட்ட சபையும், கரையை வெட்டிய ஆட்களும், கொலைகாரர்களின் உறவினர் என்பதற்காக வீடிழந்த பெண்களும் உடையார்குடிக் கல்லின் காலத்து மனிதர்கள்தான்.

கல்கிக்கு நந்தினியைத் தந்த கல்வெட்டு எதுவும் கிடையாது. கொலைகாரர் பட்டியலுக்கும் கொலையுண்டவனுக்கும் நடுவே கிடந்த வெறும் இடத்திலிருந்து அவளை அவர் முழுதாக உருவாக்கினார். எழுபது ஆண்டு கடந்தும், நாவலில் வரும் எந்த உண்மை அரசனைவிடவும் அவளைப் பற்றியே வாசகர்கள் அதிகம் வாதாடுகிறார்கள். அரசனை மீட்ட தளபதிகளின் பெயர்களைத் திருவந்திபுரத்துக் கல் பத்திரமாக வைத்திருக்கிறது. கெடிலக் கரையில் அவர்கள் பிடித்துச்சென்ற பெண்களில் ஒருத்தியிடமிருந்து அடுத்த பெரிய சோழக் கதை தொடங்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதை எழுதும் துணிச்சலுக்கு முன்மாதிரி, கடம்பூர் மாளிகையைக் கட்டிய அதே கையிடம் இருக்கிறது.